உலைக்குத் தப்பிய காசுகள்: வாசகர் கேள்வி பதில்

ஜப்பானின் பழைய பொற்காசுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

ஒரு விற்பனைப் பட்டியலில் இரண்டு கோபான்களைப் பார்த்தேன். இரண்டும் முட்டை வடிவத் தங்கத் தகடுகள். இரண்டிலும் ‘ஒரு ரியோ’ (ரியோ பழைய ஜப்பானியப் பண அலகு) என்றே முத்திரை. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப்போல் பன்னிரண்டு மடங்கு! ஏன்? (வாசகர், சிங்கப்பூர்)

கோபான் என்பது ஒரே காசின் பெயர் அல்ல. 1601 முதல் 1860 வரை ஜப்பானை ஆண்ட தோகுகாவா ஆட்சி, காலப்பெயர்களால் அழைக்கப்படும் பத்து வகைக் கோபான்களை வெளியிட்டது. எல்லாவற்றுக்கும் முகமதிப்பு ஒரு ரியோதான். உள்ளே இருக்கும் தங்கம்தான் மாறிக்கொண்டே வந்தது.

முதலில் வந்த கெய்ச்சோ கோபான் (1601) சுமார் 17.8 கிராம் எடை, தங்கம் 85 சதவீதத்தை ஒட்டி. அதாவது ஏறக்குறைய 15 கிராம் சுத்தத் தங்கம். 1695-இல் கருவூலம் காலியானபோது, நிதி அதிகாரி ஓகிவாரா ஷிகேஹிதே எடையைக் குறைக்காமல் தங்கத்தை மட்டும் 57 சதவீதமாக்கி, மீதிக்கு வெள்ளியைக் கலந்தார். அதுதான் கென்ரோக்கு கோபான். சுத்தத் தங்கம் 10 கிராம். 1710-இல் வந்த ஹோஏய் கோபானில் மாற்று 84-க்கு ஏறியது, எடை 9.3 கிராமாக இறங்கியது. 1714-இல் ஷோதோக்கு, அதைத் தொடர்ந்து க்யோஹோ கோபான்களில் எடையும் மாற்றும் பழைய கெய்ச்சோ நிலைக்கே திரும்பின. அதன் பிறகு இறக்கம்தான்: கென்புன் (1736) 13.1 கிராம், 65 சதவீதம். புன்செய் (1819) அதே எடை, 56 சதவீதம். தென்போ (1837) 11.2 கிராம், 57 சதவீதம். அன்செய் (1859) 9 கிராம். கடைசியாக மான்என் (1860) வெறும் 3.3 கிராம். மான்என்னில் சுத்தத் தங்கம் இரண்டு கிராம்கூட இல்லை. மார்ச் மாதப் பெண்குழந்தைகள் திருவிழாவில் கொலு போல் அடுக்கும் ஹினா பொம்மைகளின் பெயரைச் சேர்த்து அதை ‘ஹினா கோபான்’ என்று அழைப்பார்கள். அவ்வளவு சிறியது.

நீங்கள் பார்த்த மலிவான காசு மான்என் ஆகவும், மற்றது கெய்ச்சோ ஆகவும் இருக்கக்கூடும். உள்ளே அடங்கிய தங்கத்திலேயே எட்டு மடங்கு வித்தியாசம் வந்துவிடுகிறது. மிச்ச வித்தியாசம் அரிதாகக் கிடைப்பதால் வருவது. சேகரிப்பாளர் சந்தையில் மான்என் கோபானை ஒன்று என்று வைத்துக்கொண்டால், தென்போ இரண்டு மூன்று என்ற கணக்கில் நிற்கும். கெய்ச்சோ, கென்ரோக்கு, ஹோஏய் மூன்றும் பத்தைத் தாண்டும். நல்ல நிலையில் உள்ள இந்த மூன்றில் எதுவும் இன்று பத்து லட்சம் யென்னுக்குக் குறைந்து கிடைக்காது.

கென்ரோக்கு காசுகள் 1 கோடியே 39 லட்சம் ரியோ அடிக்கப்பட்டதாகப் படித்தேன். மான்என் கோபான் வகையிலோ 6 லட்சத்து 25 ஆயிரம் ரியோதான். அப்படியானால் மான்என்தானே அரிதாக இருக்க வேண்டும்? (வாசகர், திருச்சி)

ஜப்பானியத் தங்கத்தைச் சேகரிக்க வருபவர்கள் முதலில் விழும் குழி இதுதான். எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணை வைத்து அருமையைக் கணக்கிடக் கூடாது. எத்தனை உலைக்குத் தப்பின என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு புது வகை வெளிவந்தபோதும் பழையதைத் திரும்ப வாங்கி உருக்கினார்கள். கெய்ச்சோவை உருக்கிக் கென்ரோக்கு, கென்ரோக்குவை உருக்கி ஹோஏய், அதை உருக்கி அடுத்தது. கென்ரோக்குவுக்கும் ஹோஏய்க்கும் புழக்கத்தில் இருந்த காலம் குறைவு. திரும்பப் பெறும் முனைப்பு அதிகம். அதனால் கோடிக்கணக்கில் அடித்தவற்றில் ஒரு துளிதான் மிஞ்சியது. மான்என் கோபானுக்குப் பிறகு வேறு கோபானே வரவில்லை. உருக்கி அடுத்ததை அடிக்க வேண்டிய தேவை எழுவதற்குள் ஆட்சியே மாறிவிட்டது. புதிதாக வந்த மெய்ஜி அரசும் பழைய காசுகளை வாங்கி உருக்கியது உண்மைதான், ஆனாலும் வீடுகளில் நிறையத் தங்கிவிட்டன.

நடுவில் இன்னொரு பெரிய ஓட்டை விழுந்தது. 1859-இல் யோகோஹாமா துறைமுகம் வெளிநாட்டாருக்குத் திறந்தபோது, ஜப்பானுக்குள் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த விகிதம் ஏறத்தாழ 1-க்கு 5. உலகச் சந்தையில் அது 1-க்கு 15-ஐத் தாண்டி இருந்தது. ஒப்பந்தப்படி வெள்ளிக்கு வெள்ளி எடையளவில் மாற்றலாம். வணிகர்கள் நான்கு மெக்சிகோ வெள்ளி டாலரைக் கொடுத்துப் பன்னிரண்டு வெள்ளி ‘பூ’ காசுகள் வாங்கினார்கள். நான்கு பூவுக்கு ஒரு கோபான் என்பதால் மூன்று கோபான்கள் கைக்கு வந்தன. ஒரு கோபானை சீனத் துறைமுகத்தில் நான்கு டாலருக்கு விற்றால் பன்னிரண்டு டாலர். ஒரே பயணத்தில் பணம் மும்மடங்கு. இந்த ஒழுக்கை அடைக்கத்தான் 1860-இல் கோபானின் எடையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அவசரமாக வெளியிட்ட அன்செய் கோபானின் வாழ்நாள் ஓர் ஆண்டுக்கும் குறைவு. மொத்தமே 3 லட்சத்து 51 ஆயிரம் ரியோ. அதனால்தான் தங்கம் தென்போவைவிடக் குறைவாக இருந்தும் அன்செய்யின் விலை தென்போவுக்கு மேலே நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே கதைதான். ஷோவா 5 என்று தேதியிட்ட 1930-ஆம் ஆண்டு 20 யென் காசு 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் தங்க ஏற்றுமதித் தடையை நீக்கினார்கள். 1931 டிசம்பரில் மறுபடி தடை. இடைப்பட்ட காலத்தில் அந்தக் காசுகள் கடன் தீர்க்கும் பணமாகக் கப்பலேறி வெளிநாட்டு உலைகளில் கரைந்தன. மக்கள் கைக்கு அவை வரவே இல்லை என்று சொல்லலாம். இன்று ஷோவா 5 காசு, அதே எடையுள்ள மெய்ஜி காலத்துச் சாதாரண ஆண்டுக் காசைவிடப் பல மடங்கு விலை.

என்னிடம் இருப்பது எந்தக் கோபான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜப்பானிய எழுத்து எனக்குத் தெரியாது. (வாசகி, கோலாலம்பூர்)

எழுத்து தெரியாமலேயே பாதி வேலையை முடிக்கலாம். முதலில் எடை போடுங்கள். 3.3 கிராம் என்றால் மான்என். 9 கிராம் என்றால் அன்செய் அல்லது ஹோஏய். 11.2 என்றால் தென்போ. 13.1 என்றால் கென்புன் அல்லது புன்செய். 17.7-ஐ ஒட்டி இருந்தால் மீதமுள்ள நான்கில் ஒன்று.

பிறகு பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் முன்பக்கத்தைப் பாருங்கள். மேலும் கீழும் விசிறி வடிவக் கட்டத்துக்குள் பவுலோனியா மரத்தின் பூச்சின்னம். நடுவில் மேலே ‘ஒரு ரியோ’, அதன் கீழே ‘மிட்சுட்சுகு’ என்ற பெயர். தங்கச்சாலைத் தலைவர் கோதோ மிட்சுட்சுகுவுடையது அது. தகடு முழுக்கக் கோரைப்பாய் நெசவு போலக் குறுக்கே கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோடும் சிற்றுளியால் அடித்தது. உண்மைக் காசில் கோடுகளின் ஆழமும் இடைவெளியும் சற்றே மாறிமாறி இருக்கும். உளி இறங்கிய பக்கம் கூர்மையாக, விலகிய பக்கம் மழுங்கலாக இருக்கும். சுற்றுலாக் கடைப் பித்தளைக் கோபானில் எல்லாக் கோடும் வார்ப்பிலேயே வந்திருக்கும். பள்ளத்துக்குள் மணல்மணலாகத் தெரியும்.

இப்போது திருப்புங்கள். கென்ரோக்கு, கென்புன், புன்செய், தென்போ, அன்செய் காசுகளில் அந்தந்தக் காலத்துக்கான ஓர் எழுத்து தனி முத்திரையாக இருக்கும். ஹோஏய் காசில் காலப்பெயர் கிடையாது. வானத்தைக் குறிக்கும் ‘கென்’ என்ற எழுத்து இருக்கும். கென்புன், புன்செய் இரண்டிலும் ‘புன்’ என்ற ஒரே எழுத்து, எடையும் ஒன்றே. ஆனால் கென்புன்னில் அச்செழுத்து போல் நிமிர்ந்து நிற்கும், புன்செய்யில் கையெழுத்து போல் சுழித்து ஓடும். தங்கம் 65-க்கும் 56-க்கும் வித்தியாசப்படுவதால் இதைக் கவனிக்காமல் வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கெய்ச்சோ, ஷோதோக்கு, க்யோஹோ மூன்றிலும் கால எழுத்து இல்லை. இவற்றைப் பிரிப்பது முத்திரையின் நுணுக்கங்களை வைத்துத்தான். இதைப் புகைப்படம் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், சான்றிதழோடு வாங்குங்கள்.

கோபானின் பின்பக்கத்தில் கீழே இடது ஓரத்தில் இரண்டு சின்ன முத்திரைகள் உண்டு. அவற்றுக்காக விலை கூடும் என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

ஒன்று தங்கச்சாலை ஆளின் முத்திரை, மற்றது உருக்கி அடித்த பட்டறைத் தலைவரின் முத்திரை. பிழை வந்தால் யாரைக் கேட்பது என்பதற்கான அடையாளம். பல ஆட்கள், பல பட்டறைகள் என்பதால் சேர்க்கைகளும் பல. தற்செயலாக ‘தாய்’ என்ற எழுத்தும் ‘கிச்சி’ என்ற எழுத்தும் ஒரே காசில் சேர்ந்துவிட்டால் ‘தாய்கிச்சி’, அதாவது பெரும் மங்கலம் என்று ஆகும். இப்படித் தற்செயலாக அமைந்தவை உண்டு. மேலிடத்துக்குக் காணிக்கையாகக் கொடுப்பதற்கென்றே மங்கல எழுத்துகளைத் தேர்ந்து அடித்தவையும் உண்டு. இரண்டுக்கும் விலை ஏறும், காணிக்கைக் காசுக்கு மிக அதிகமாக. எனவே பின்னால் கைவேலை செய்து எழுத்தை மாற்றும் ஆசையும் சிலருக்கு வரும். முத்திரையைச் சுற்றி உலோகம் புதிதாகப் பளபளக்கிறதா என்று பாருங்கள்.

தென்போ கோபான் ஒன்றின் விளிம்பில் வெளிறிய வெள்ளை நிறம் தெரிகிறது. முலாம் போட்ட போலியா? நகைக்கடையில் எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்தால் அறுபதுக்கு மேல் தங்கம் காட்டுகிறது. குழப்பமாக இருக்கிறது. (வாசகர், ஈப்போ)

இரண்டுமே உண்மைக் காசில் எதிர்பார்க்க வேண்டியவைதான்.

57 சதவீதத் தங்கமும் 43 சதவீத வெள்ளியும் சேர்ந்தால் நிறம் வெளிறிப் பச்சைசாயலாக இருக்கும். அப்படியே வெளியிட்டால் மக்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் ‘இரோஆகே’ என்ற நிறமேற்றும் வேலை நடந்தது. உப்புச் சரக்குகளைக் குழைத்துத் தகட்டில் பூசி, கரி நெருப்பில் காய்ச்சி, நீரில் அமிழ்த்தி, தேய்த்துக் கழுவுவார்கள். மேற்பரப்பில் உள்ள வெள்ளி மட்டும் கரைந்து வெளியேறிவிட, தங்கம் செறிந்த மெல்லிய படலம் மேலே நிற்கும். வெளியிலிருந்து எதையும் பூசுவதில்லை, உள்ளிருப்பதை எடுப்பதுதான்.

கைபட்டுத் தேய்ந்த விளிம்பிலும் மேட்டிலும் அந்தப் படலம் போய் உள்நிறம் தெரிவது இயல்பு. அந்த இயந்திரமோ மேற்பரப்பை மட்டும் படிப்பது. அதனால் உள்ளே இருப்பதைவிடக் கூடுதலாகவே காட்டும். தேய்ந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் எண் இறங்கும். மேலே எண்பது, கீழே பூஜ்யத்தை ஒட்டி என்றால் மட்டும் முலாம் என்று சந்தேகிக்கலாம்.

இதனால்தான் கோபானை மெருகிடக் கூடாது என்று தலைபாடாகச் சொல்கிறோம். புளி, எலுமிச்சை, பற்பசை, வெள்ளி துடைக்கும் துணி, எதுவும் வேண்டாம். போன படலம் திரும்பாது, விலையும் திரும்பாது. உரைகல்லில் உரைத்துப் பார்க்க யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கோடு போட்டாலே அது காயம்பட்ட காசு.

வீட்டிலேயே சோதிக்க நம்பகமான வழி ஒன்று சொல்லுங்கள். (பல வாசகர்கள்)

ஒப்படர்த்திச் சோதனை. ஒரு கண்ணாடித் தம்ளர், மெல்லிய நைலான் நூல், மில்லிகிராம் வரை காட்டும் தராசு போதும்.

காசை உலர்ந்த நிலையில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தம்ளரில் அறை வெப்பத்தில் உள்ள நீரை ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி விட்டுக் கலக்கித் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் உலர் எடையை வகுத்தால் ஒப்படர்த்தி.

மெய்ஜி முதல் ஷோவா வரையான வட்டக் காசுகள் 90 சதவீதத் தங்கமும் 10 சதவீதச் செம்பும். அவற்றுக்கு 17.2-ஐ ஒட்டி வர வேண்டும். 16.67 கிராம் எடையுள்ள 20 யென் காசு நீரில் தொங்கும்போது 0.97 காட்டினால் சரி. தென்போ கோபானுக்கு 14.2-ஐ ஒட்டி, அதாவது 11.2 கிராமுக்கு 0.79. கெய்ச்சோவுக்கு 17-ஐ ஒட்டி. 3 கிராம் எடையும் 22 சதவீதத் தங்கமும் உள்ள மான்என் நிபுகின் என்ற சின்னக் காசுக்கு 11.7 அளவில்.

தவறு எங்கே நடக்கிறது? ஒன்று, கோபானின் குறுக்குக் கோடுகளில் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொள்ளும். எண் கூடி, ஒப்படர்த்தி குறைந்து காட்டும். சோப்புத் துளி அதற்குத்தான். இரண்டு, 0.01 கிராம் தராசில் சின்னக் காசைச் சோதிப்பது. மான்என் கோபான் நீரில் காட்டும் எண்ணே 0.23தான், அதில் 0.01 பிசகினால் விடை 4 சதவீதம் தள்ளிப்போகும். மூன்று, இந்தச் சோதனை உலோகத்தைத்தான் சொல்லும், அச்சைச் சொல்லாது. சரியான தங்கத்திலேயே அடித்த போலி மெய்ஜிக் காசுகள் இதில் தேறிவிடும். அங்கே காசில் உள்ள டிராகனின் செதில்களையும் விளிம்புப் பற்களையும் உண்மைக் காசின் பெரிய படத்தோடு ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை.

கோபானைவிடப் பெரிய தங்கத் தகடான ஓபானை மட்டும் நீரில் விடாதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

ஓபான் என்றால் பத்துக் கோபான் தானே? அதன் மேல் கறுப்பு மையால் எழுதியிருப்பது எதற்கு? (வாசகர், யாழ்ப்பாணம்)

‘பத்து ரியோ’ என்று எழுதியிருந்தாலும் அது எடையைத்தான் சொல்கிறது. பத்துக் கோபானுக்கு அது ஈடாக மாறியதில்லை. பெரும்பாலான காலம் ஏழெட்டு ரியோ என்ற அளவில்தான் மதித்தார்கள். சந்தையில் சாமான் வாங்கவும் அது வந்ததில்லை. பரிசுக்கும் சன்மானத்துக்கும் உரிய காசு.

எடை சுமார் 165 கிராம். கடைசி வகையான மான்என் ஓபான் மட்டும் 112. எழுத்து கோதோ குடும்பத்துத் தலைவர் தூரிகையால் எழுதிக் கையொப்பம் இட்டது. அந்த மைதான் உத்தரவாதம். மை அழிந்துபோனால் கோதோ வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டி மறுபடி எழுதி வாங்க வேண்டும். எனவே இன்று ஓபானில் மூன்று நிலைகள் பார்க்கிறோம்: முதலில் எழுதிய மை, அந்தக் காலத்திலேயே திருத்தி எழுதிய மை, மை போன தகடு. விலையும் அந்த வரிசையில்தான் இறங்கும். ஈரக்கை, துணி, தண்ணீர், எதுவும் படக் கூடாது. விரலால் விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

எண்ணிக்கையில் க்யோஹோ ஓபான் 8,515, மான்என் ஓபான் 17,097. மான்என் ஓபானே லட்சங்களில் போகிற பொருள். 1695-இல் தொடங்கிய கென்ரோக்கு ஓபானும், தோகுகாவாவுக்கு முன் ஆண்ட ஹிதேயோஷி 1588-இல் தொடங்கிய தென்ஷோ ஓபானும் கோடி யென்னைத் தாண்டுபவை. வாங்குகிற எண்ணம் இல்லாவிட்டாலும் தோக்கியோவுக்குப் போகிறவர்கள் நிஹோன்பாஷியில் ஜப்பான் வங்கியின் நாணய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். எதிரே வங்கி நிற்கும் மண்ணில்தான் பழைய தங்கச்சாலை இருந்தது.

கையில் அவ்வளவு பணம் இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்? (மாணவி, மதுரை)

மான்என் நிபுகின்னிலிருந்து. கட்டைவிரல் நகம் அளவு நீள்சதுரக் காசு. இரண்டு பூ, அதாவது அரை ரியோ. ஒரு ரியோவுக்கு நான்கு பூ, ஒரு பூவுக்கு நான்கு ஷூ என்பது கணக்கு. கோடிக்கணக்கில் அடித்ததால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அடுத்து தென்போ நிஷுகின்: 1.6 கிராம், தங்கம் 30 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. இந்த இரண்டையும் கையில் வைத்து முத்திரை பார்க்கப் பழகிய பிறகு ஒரு பூ மதிப்புள்ள இச்சிபுகின், அதற்கும் பிறகு மான்என் கோபான். முதல் வாங்கலிலேயே கெய்ச்சோ வேண்டாம். கண் பழகாதவர்களிடம்தான் போலி விற்பனையாகும்.

ஜப்பானியப் பட்டியல்களில் தரம் குறிக்கும் சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘மிஷியோ’ புழங்காதது, ‘கோகுபிஹின்’ மிக அழகானது, ‘பிஹின்’ அழகானது, ‘நாமிஹின்’ சாதாரணம். நிபுகின்னில் பிஹின் போதும்.

மெய்ஜி காலத்து வட்டக் காசுகளில் ஆண்டை எப்படிப் படிப்பது? எது அரிது? (வாசகர், துபாய்)

ஆட்சியாண்டோடு ஓர் எண்ணைக் கூட்ட வேண்டும். மெய்ஜிக்கு 1867, தைஷோவுக்கு 1911, ஷோவாவுக்கு 1925. மெய்ஜி 30 என்றால் 1897.

அந்த 1897தான் நடுக்கோடு. 1871-இல் ஓசாகா நாணயச்சாலை திறந்தபோது ஒரு யென்னுக்கு 1.5 கிராம் தங்கம்; 20 யென் காசு 33.33 கிராம், 35 மில்லிமீட்டர். 1897 சட்டம் யென்னின் தங்கத்தைச் சரிபாதியாக்கியது. 20 யென் காசு 16.67 கிராம் ஆனது. பழைய காசுகளுக்கு அன்று முதல் முகமதிப்பைப்போல் இரண்டு மடங்கு செல்லுபடி. எனவே எடை போட்டாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

பழைய வகையில் மெய்ஜி 3 என்ற தேதியிட்ட 20 யென் 46,139. அதே காசு மெய்ஜி 9-இல் 954, மெய்ஜி 13-இல் 103, மெய்ஜி 10-இல் வெறும் 29. இந்தப் பின் ஆண்டுக் காசு ஒன்று மலிவாக வந்தால் சந்தேகமே வேண்டாம், போலி. அல்லது ஆண்டு எழுத்தைச் செதுக்கி மாற்றியது.

13.5 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள 1871-ஆம் ஆண்டு ஒரு யென் காசு பதினெட்டு லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது. ஆனால் அந்த அளவு மோதிரத்துக்கும் பதக்கத்துக்கும் தோதானது என்பதால் நிறையக் காசுகளில் பற்றவைத்த தழும்பு இருக்கும். விளிம்பைச் சுற்றி மெதுவாக உருட்டிப் பார்த்து, பற்கள் வழித்தெடுத்ததுபோல் உள்ள இடத்தைத் தேடுங்கள். தழும்புள்ள காசுக்குத் தங்க விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் போதும்.

டச்சுக்காரர்கள் ஜப்பானியத் தங்கத்தைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்தார்களாமே? அந்தக் கோபான்கள் இங்கே கிடைக்குமா? (வாசகர், நாகப்பட்டினம்)

கொண்டுவந்தது உண்மை. 1668-இல் ஜப்பான் வெள்ளி ஏற்றுமதிக்குத் தடை போட்டதும், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நாகசாகியிலிருந்து கோபானை வாங்கியது. இந்தக் கரையில் துணி வாங்கத் தங்கம் தேவைப்பட்டது. ஆனால் நெசவாளியும் தரகரும் கோபானை வாங்க மாட்டார்கள், அவர்களுக்கு வராகன்தான் வேண்டும். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கம்பெனியின் நாணயச்சாலைகளில் அவற்றை உருக்கி வராகனாக அடித்தார்கள். வந்தவை கெய்ச்சோ கோபான்கள், 85 சதவீத மாற்று. 1695-இல் கென்ரோக்கு வந்து மாற்று 57-க்கு விழுந்ததும் அந்த வியாபாரத்தின் லாபம் போய்விட்டது.

எனவே இங்கே கோபானாகத் தேடாதீர்கள். அந்தத் தங்கம் டச்சு வராகனுக்குள் இருக்கிறது. பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) செலாவணிக்காகச் சிங்க முத்திரை குத்திய கோபான்கள் சில தப்பியிருக்கின்றன. அவை ஏலத்துக்கு வருவது மிக அபூர்வம். அப்படி ஒன்று வந்தால் கோபான் உண்மையா என்பதோடு முத்திரையும் அக்காலத்ததா என்று தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஏலத்தில் 3 லட்சம் யென்னுக்கு எடுத்தால் கடைசியில் எவ்வளவு ஆகும்? (வாசகர், சென்னை)

ஏல நிறுவனத்தின் கழிவு (கமிஷன்) 10 சதவீதம் என்று வைத்தால் 30,000. கழிவின் மேல் நுகர்வு வரி 10 சதவீதம், 3,000. ஆக 3,33,000. அதன் மேல் காப்பீடு, அனுப்பும் செலவு, இந்தியச் சுங்கம். கழிவு ஒவ்வோர் இடத்திலும் மாறும். கை தூக்குமுன் விதிகளைப் படியுங்கள். தங்கக் காசைச் சாதாரண அஞ்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள், வழியில் நின்றுவிடும். சுங்க முகவரிடம் முதலில் பேசிவிட்டு அதன்பின் ஏலத்தில் இறங்குவதுதான் சரி. இன்னொன்று: நூறாண்டு தாண்டிய காசு இந்தியாவுக்குள் வந்துவிட்டால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரும். தனியார் அதைத் திரும்ப வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது. முதலீடு என்று நினைத்து வாங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது.

சான்றிதழ் எதை நம்புவது? (அதே வாசகர்)

கோபான், ஓபானுக்கு ஜப்பான் நாணய வணிகர் கூட்டுறவுச் சங்கம் தரும் படம் ஒட்டிய சான்றிதழ். படத்தில் உள்ள ஒரு கீறலை, ஒரு முத்திரைச் சாய்வைக் கையில் உள்ள காசோடு பொருத்திப் பாருங்கள்; தாள் உண்மையாக இருந்து காசு மாறியிருக்கலாம். வட்டக் காசுகளுக்கு பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்களின் பெட்டிகள் பரவலாக ஏற்கப்படுகின்றன. அழகான பவுலோனியா மரப்பெட்டி சான்று ஆகாது.

1986-ஆம் ஆண்டு ஒரு லட்சம் யென் தங்கக் காசு வீட்டில் இருக்கிறது. பழங்காசாகுமா? (வாசகி, ஒசாகா)

ஆகாது. பேரரசர் ஷோவாவின் அறுபதாம் ஆட்சியாண்டுக் காசு அது. 20 கிராம் சுத்தத் தங்கம், 1986-இல் மட்டும் ஒரு கோடி வெளியீடு. வெளியிட்டபோது உள்ளிருந்த தங்கத்தின் விலை முகமதிப்பில் பாதிக்கும் குறைவு. அந்த இடைவெளியைக் குறிவைத்து உண்மைத் தங்கத்திலேயே போலி அடித்தார்கள். 1990-இல் அது அம்பலமானபோது லட்சத்துக்கு மேற்பட்ட போலிகள் என்று தெரிந்தது. இன்று தங்கம் ஏறி, உலோகமே முகமதிப்பைத் தாண்டிவிட்டது. எனவே வங்கியில் ஒரு லட்சம் யென்னுக்கு மாற்றினால் நஷ்டம். தங்க வணிகரிடம் எடை விலை கேளுங்கள். உறையோடு இருந்தால் பிரிக்காமல் கொண்டுபோங்கள்.

ஜப்பான் நிதி அமைச்சக முத்திரையுள்ள மூடிய பெட்டியில் 20 யென் காசு ஒன்று வாங்கினேன். வெளியே எடுத்து வைக்கலாமா? (வாசகர், பெங்களூர்)

எடுக்காதீர்கள். அரசிடம் இருந்த சுமார் 33,000 பழைய தங்கக் காசுகளை 2005 முதல் 2008 வரை அமைச்சகம் ஏலம் விட்டது. அவற்றில் ஒன்று அது. அந்தப் பெட்டிதான் வந்த வழிக்குச் சான்று. உடைத்தால் அதற்காக நீங்கள் கொடுத்த கூடுதல் விலை போய்விடும். வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் அப்படியே வையுங்கள். மற்ற காசுகளுக்கும் பிவிசி உறை வேண்டாம். நாளானால் பச்சைப் பிசின் கக்கும். அமிலம் கலக்காத தாளும், கடினமான வட்டக் கூடும் வாங்கிக்கொள்ளுங்கள்.